வருகை எண் இருபத்தெட்டு

நவம்பர் 18, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். எங்கே கிடந்ததோ அங்கேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் வகுப்பு மிஸ்ஸிடம் வேண்டாம், ஹெச்.எம். மிஸ்ஸிடம் வேண்டவே வேண்டாம். எல்லாரையும் விட முக்கியமாக என் அம்மாவிடம் காட்டாதீர்கள். அம்மா பெயர் கஸ்தூரி. எங்கள் மாநகராட்சிப் பெண்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. காலில் விழுந்து கேட்கிறேன்.

என் பெயர் லோகேஸ்வரி. ஒன்பதாம் வகுப்பு. அம்மா தூங்கின பிறகு சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது என் நோட்டு இல்லை. வெண்ணிலாவின் கணக்கு ரஃப் நோட்டு. தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குப் போகும்போது, “இதுல மிச்சப் பக்கம் நெறைய கீதுடி, நீ வெச்சுக்க” என்று கொடுத்தாள். முன்பக்கம் அவள் கணக்குகள். அவள் கையெழுத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுகிறேன்.

வருகைப் பதிவேட்டில் நான் இருபத்தேழு. அவள் இருபத்தெட்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். பிரேயரில் எனக்குப் பின்னால் அவள். சத்துணவு வரிசையில் எனக்குப் பின்னால் அவள். என் சடை முடிச்சு அவிழ்ந்தால் கேட்காமலே கட்டிவிடுவாள்.

ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இன்று பதினோராவது பள்ளி நாள். ஆனால் பதினோரு நாளும் அவள் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. நான்தான் சொல்கிறேன். “இருபத்தேழு” என்றால் “உள்ளேன் மிஸ்.” “இருபத்தெட்டு” என்றால் தொண்டையை இறுக்கி, மூக்கால் கொஞ்சம் இழுத்து, இன்னொரு “உள்ளேன் மிஸ்.” வெண்ணிலாவுக்கு எப்போதும் சளி.

பழைய மிஸ் பிரசவ விடுப்பில் போய்விட்டார். இந்த மிஸ் தீபாவளிக்குப் பிறகு வந்தவர். ஐம்பத்தெட்டுப் பேரின் முகம் இன்னும் பழகவில்லை. குனிந்து போனில் தட்டிக்கொண்டே எண்ணை மட்டும் கூப்பிடுகிறார். ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுப்பது எங்கள் வகுப்பில் என்றைக்கும் உள்ளதுதான். பஸ் தாமதமானால், கடைக்குப் போய்விட்டால், யாராவது குரல் கொடுப்பார்கள். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

அவள்தான் கேட்டாள். “பேரை மட்டும் எடுத்துராம பாத்துக்கடி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.


நவம்பர் 19, செவ்வாய்

பன்னிரண்டு. சத்துணவில் எங்கள் வகுப்பின் வருகைக் கணக்குப்படி முட்டை வந்தது. ஒன்று மிஞ்சியது. ஆயாம்மா, “யார்டி அது இன்னும் வாங்கல? யார்டி?” என்று மூன்று தடவை கேட்டார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.


நவம்பர் 21, வியாழன்

இன்று அம்மா கேட்டுவிட்டாள். கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏற்றுமதிச் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே.

“இன்னாடி, வெண்ணிலாவ வீட்டுப் பக்கமே காணோம்? சண்டையா?”

“பரீட்சை வருதுல்லம்மா. படிச்சுக்கினு இருக்கா.”

“ஸ்கூலுக்கு வர்றாயில்ல?”

“வர்றாம்மா.”

அம்மா நம்பிவிட்டாள். என்னை அம்மா சந்தேகப்பட்டதே இல்லை.

போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அம்மா எழுந்து நின்று சத்தம் போட்டாள். அப்போது எல்லா அம்மாக்களும் சேர்ந்து அவளையே தலைவியாக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் அம்மாவை எங்கள் பிளாக்கில் ‘லாரிக்காரர் வீட்டுப் பொம்பள’ என்றுதான் சொல்வார்கள். இப்போது காய்கறிக்காரர்கூட “தலைவிம்மா, நல்ல கத்திரிக்கா” என்கிறார். கையெழுத்துப் போட ஒரு தனிப் பேனா வைத்திருக்கிறாள்.

எங்கள் பள்ளியில் தொடர்ந்து பதினைந்து நாள் வராதவர்களின் பெயர் ஒரு பட்டியலில் வரும். சனிக்கிழமை அம்மா அந்தப் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்குவாள். இதுவரை ஏழு பேரைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறாள்.

அம்மா குளிக்கப் போனபோது அவள் போனிலிருந்து வெண்ணிலாவின் பெரியம்மாவுக்குப் போட்டேன். வெண்ணிலாவுக்கு அம்மா இல்லை. பெரியம்மா வீட்டில்தான் வளர்கிறாள். “அவ இங்க நல்லாத்தான் கீறா, வேலையா இருக்கோம், வெச்சுடு” என்றார்கள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். “மூச்ச இழுக்காதடி, அளவு தப்பாப் போவுது” என்று யாரோ ஒரு பெண் அதட்டினாள். புதுத்துணி தைக்கிறார்கள் போல. தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகிறது.


நவம்பர் 22, வெள்ளி

பதினைந்து.


நவம்பர் 23, சனி

அம்மாவோடு பட்டியல் வீடுகளுக்குப் போனேன். மூன்று பெயர்கள். மூன்றும் வேறு வகுப்பு. அம்மா ஹெச்.எம். மிஸ் கொடுத்த தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். அதை விரிக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். அதில் இல்லாத பெயர் எனக்குத் தெரியும்.

கதவு தட்டுவதில் அம்மாவுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தம். அப்புறம் ஒரு தட்டு. “படபடன்னு தட்டுனா பயந்துக்கினு பின்பக்கமா ஓடிருவாங்க. ஒண்ணே ஒண்ணு தட்டுனா காத்துன்னு நெனச்சுருவாங்க” என்பாள். செப்டம்பரில் வெண்ணிலாவும் எங்களோடு வந்தாள். “ஆன்ட்டி, ஆன்ட்டி, நான் தட்டுறேன் ஆன்ட்டி” என்று எல்லா வீட்டிலும் அவளே தட்டினாள். தட்டிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று மூன்றாவது வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பெயர் சுகன்யா. பிரியாணிக் கடைக்குப் பூண்டு உரிக்கப் போகிறாளாம். நகமெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் அப்பா வாசலை மறித்து நின்றார்.

“உங்களுக்கு இன்னாம்மா வேணும்? நீங்க இன்னா போலீஸா?”

“நான் போலீஸ் இல்லண்ணே. நானும் நூல் வெட்டிப் பொழைக்கிறவதான். பொண்ணு திங்கக்கெழம வரலேன்னா செவ்வாக்கெழம வந்து இதே படியில குந்திக்குவேன். புதங்கெழமையும் வருவேன். எனக்குச் சோறு மட்டும் நீங்க போட்டுருங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது சுகன்யா படிவரைக்கும் வந்தாள். “யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சேன்க்கா” என்று என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள். ஏன் என்னிடம் சொன்னாள்?


நவம்பர் 25, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மிஸ் “இருபத்தேழு” என்றார். சொன்னேன். “இருபத்தெட்டு” என்றார். நான் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் வாய் திறக்கவில்லை.

“உள்ளேன் மிஸ்.”

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அதே சளி, அதே இழுப்பு. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. காம்பஸ் முனையால் அவள் கீறின ‘வெ’ மட்டும் இருந்தது. மிஸ் இருபத்தொன்பதுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் இருக்கிற பெனிட்டாவிடம், “நீ சொன்னியாடி?” என்று கேட்டேன்.

“லூசு. நீதான சொன்ன? தெனமும் நீதான சொல்ற?” என்றாள். அப்புறம், “இன்னிக்கு அப்படியே அவ மாதிரியே இருந்துச்சுடி. நல்லாப் பண்ற” என்றாள்.


நவம்பர் 26, செவ்வாய்

இன்று சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். சொல்லாமல் விட்டால் இன்று முதல் நாள் ஆகும். இனிமேல் பதினைந்து எண்ணினால் பரீட்சையே முடிந்துவிடும். ஆனாலும் சொல்லக் கூடாது. யூனிஃபார்ம் ஓவர்கோட்டின் விளிம்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

“இருபத்தெட்டு.”

“உள்ளேன் மிஸ்.”

பெனிட்டா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் வாய் மூடியிருந்தது. சத்தியமாக மூடியிருந்தது. ஓவர்கோட்டில் பல் தடம் இருக்கிறது. இப்போதுகூட டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

தமிழ் ஐயா மதியம், “அந்தச் சளி மூக்குப் பொண்ணு எங்கம்மா ரொம்ப நாளா?” என்று கேட்டார். “அம்மை போட்டுக்கிது ஐயா” என்றாள் பெனிட்டா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.


நவம்பர் 28, வியாழன்

மழை விடுமுறை, அம்மாவின் கம்பெனிக்கும். பெயர் கூப்பிடாத நாள். நிம்மதி என்று நினைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவருகில் வந்து நின்றாள்.

“யாருக்குடி உள்ளேன் உள்ளேன்னு சொல்லிக்கினு இருக்க?”

மணி பார்த்தேன். ஒன்பதரை. வகுப்பில் பெயர் கூப்பிடுகிற நேரம்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கசாயம் போட்டுக் கொடுத்தாள். அம்மா என் நெற்றியைத் தொடும்போது சொல்லியிருக்கலாம். கசாயம் ரொம்பக் காரம்.


டிசம்பர் 2, திங்கள்

நவம்பரில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கு மிஸ் தன் செலவில் ஆளுக்கு ஒரு பேனா வாங்கி வந்திருந்தார். பதினாறு பேர். பெயர் வாசித்தார். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

“வெண்ணிலா.”

யாரும் போகவில்லை. மிஸ் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து தேடினார்.

“வெண்ணிலா யாரு? காலைல இருந்தாளே?”

“பாத்ரூம் போயிருக்கா மிஸ்” என்றேன். இதைச் சொன்னது நான்தான், இதில் சந்தேகம் இல்லை.

“இந்த மழையிலயும் ஒரு நாள் தவறாம வந்திருக்கா. நல்ல பொண்ணு. நீ குடுத்துருடி” என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். நீல மூடி. அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். என் பேனாவில் மை இருக்கிறது. ஆனாலும் கை இதைத்தான் எடுக்கிறது.


டிசம்பர் 3, செவ்வாய்

இன்று யார் சொன்னது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயற்சிக்கவில்லை.


டிசம்பர் 6, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. மேலாண்மைக் குழுக் கூட்டம். அம்மா கம்பெனியில் அரை நாள் அனுமதி வாங்கி, அந்தப் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் எங்கள் வகுப்புக்குப் பக்கத்து அறையில் நடந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. தலைவியின் மகள்.

ஹெச்.எம். மிஸ் தீர்மான நோட்டை அம்மா பக்கம் தள்ளினார். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். குழுவிலிருக்கிற வார்டு உறுப்பினர் ஒருவர், “கையெழுத்தப் போடுங்கம்மா, மறுபடியும் இருட்டிக்கினு வருது” என்றார்.

“படிச்சுக் காட்டுங்க மிஸ். கேக்காம நான் போடறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

ஹெச்.எம். மிஸ் படித்தார். ஆறாம் வகுப்பு, ஒருவர். எட்டாம் வகுப்பு, இருவர். ஒன்பதாம் வகுப்பு, எவருமில்லை.

அம்மா நிறுத்தினாள். “ஒம்பதாங்கிளாஸ்ல ஒருத்திகூட இல்லையா? போன வருஷம் இந்த மாசத்துல நாலு பேரு நின்னாங்களே. ஒம்பதாங்கிளாஸ் பொண்ணுங்களத்தான் மொதல்ல தூக்கிக்கினு போவாங்க.”

“ஒருத்திகூட இல்ல தலைவிம்மா. ஒரு நாள்கூட லீவு போடாதவங்களே பதினாறு பேரு. உங்க பொண்ணு கிளாஸாச்சே, சும்மாவா?”

எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அப்பா லாரியிலிருந்து வந்து இறங்குகிற நாளில்கூட நான் பார்த்ததில்லை. அப்புறம் தன் பேனாவை எடுத்து, க, ஸ், தூ, ரி என்று ஒவ்வொரு எழுத்தாக, கோட்டைத் தாண்டாமல் போட்டாள்.

இனி அது பொய் இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அம்மா பொய்யில் கையெழுத்துப் போட மாட்டாள்.

திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. இன்றே எல்லா வகுப்பிலும் மேஜைகளில் எண் ஒட்டிவிட்டார்கள். என் மேஜைக்குப் பின்மேஜையில் 28. விடைத்தாளுக்கு யார் குரல் கொடுப்பது?


டிசம்பர் 7, சனி

பக்கம் முடிந்துவிட்டது.

நான் பின்னாலிருந்து எழுதிக்கொண்டே வந்தேன். நேற்று எழுதினதுதான் கடைசி வெற்றுப் பக்கம் என்று தெரியாது. இன்று பக்கத்தைத் திருப்பினேன். வெண்ணிலாவின் எழுத்து தலைகீழாக என்னைப் பார்த்தது. நோட்டை நேராகத் திருப்பினேன். இதை இப்போது அவள் பக்கத்தின் ஓரத்தில் எழுதுகிறேன்.

அவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாள். வருகைப் பதிவேடு மாதிரியே. பதினைந்து கட்டம். ஒவ்வொன்றிலும் தேதி. நவம்பர் 4, 5, 6, 7, 8. சனி, ஞாயிறு விட்டு அடுத்த வாரம். அதற்கடுத்த வாரம். நவம்பர் 22-இல் பதினைந்தாவது கட்டம் முடிகிறது. அதன் பக்கத்தில் பெரிய கட்டம் ஒன்று, நவம்பர் 23. அதற்குள் ஒரு கதவு வரைந்திருக்கிறாள். கதவின் மேல், ‘ஆன்ட்டி’. அதன் கீழே, ‘ரெண்டு, அப்புறம் ஒண்ணு’.

கட்டங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில்:

‘லோகி, பெரியம்மா கூடவே இருக்கு, பேச முடியல. மாமாவுக்குக் கட்டி வெக்கப் போறாங்க. மார்கழி பொறக்கறதுக்குள்ள. மாமாக்கு முப்பத்தொண்ணு. செய்யாறு தாண்டிப் பூவந்தாங்கல், பால் சொசைட்டிக்குப் பின்னால, நீலக் கதவு. உங்கம்மாகிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டு.’

அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டதை நான் எழுதவில்லை. முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நடந்தது என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். பெரியம்மா மூன்று அடி தள்ளிப் பையோடு நின்றார்கள்.

“எத்தினி நாள் வரலேன்னா உங்கம்மா லிஸ்ட்டுல பேரு வரும்?”

“பதினஞ்சு. ஏன்டி?”

“சும்மாதான். அதுக்கப்புறம் கண்டிப்பா வருவாங்கல்ல? வெளியூருன்னாகூட?”

“எங்கம்மா செவ்வாய் கெரகத்துக்கே போவும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டைக் கையில் திணித்தாள். பஸ் வந்தது. பெரியம்மா திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தமாக, பெரியம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, “பேரை மட்டும் எடுத்துராம பாத்துக்கடி” என்றாள். நான் அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் பெயரை எடுத்துவிட்டால் என் பின்னால் வேறு ஒருத்தி இருபத்தெட்டாக வந்து நிற்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 23 அன்று அவள் அந்த நீலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அன்றைக்கு நானும் அம்மாவும் பூண்டு வாசனை அடிக்கிற ஒரு படியில் நின்றோம். அவள் வராத ஒவ்வொரு நாளும் அவள் எங்களைக் கூப்பிட்ட நாள். ஒவ்வொரு நாளும் நான் அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன். பொத்தின கையைத் தாண்டித்தான் அவள் குரல் வந்தது.

மார்கழி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவர்கள் அதுவரை காத்திருந்தார்களா என்று தெரியாது. அன்று போனில் கேட்ட தையல் மிஷின், ‘மூச்ச இழுக்காதடி’. அந்த ரவிக்கை யாருக்கு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாது என்று எழுதி வைத்தேன். ‘தெரியாது’ என்றுகூட எழுதவில்லை, ‘தைக்கிறார்கள் போல’ என்று எழுதினேன்.

முதல் பக்கத்துக்குப் போய், யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதினதை அடித்துவிட்டு வந்தேன். நீல மூடிப் பேனாவால் இரண்டு கோடு.

அம்மா, இந்த நோட்டு உனக்குத்தான். உன் கையெழுத்துக்கு மேலே இருக்கிற வரி பொய். அதை எழுதினது ஹெச்.எம். மிஸ் இல்லை, நான். தீர்மான நோட்டில் உன் பெயரை நீயே அடிக்க வேண்டியிருக்கும். உன்னைத் தலைவிம்மா என்று யாரும் கூப்பிடாமல் போகலாம். அதற்காகத்தான் இத்தனை நாள் பயந்தேன். இப்போது உன்னை எழுப்பப் போகிறேன். காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பலாம். கதவை நீ தட்ட வேண்டாம், நான் தட்டுகிறேன், எனக்கு அந்த

கதவு தட்டுகிற சத்தம்.

எங்கள் கதவுதான். இரண்டு. கொஞ்சம் நிறுத்தம். அப்புறம் ஒன்று.

அம்மா பாயில்தான் இருக்கிறாள். இங்கிருந்து அவள் கால் தெரிகிறது.

நான்தான் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறேனா? இல்லை. வலது கையில் பேனா. இடது கை நோட்டின் மேல்.

மறுபடியும். இரண்டு. ஒன்று.

அம்மா புரண்டு எழுந்துவிட்டாள். அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. “யாரது?” என்கிறாள். யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அம்மா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். நோட்டை ஒளிக்க மாட்டேன். இந்தப் பக்கத்தை இப்படியே திறந்து வைத்துவிட்டு நானும்